நோன்பு மாதத்தில் ஒரு சுவிஸ் மணிக்கூடு

மாவடிப்பள்ளியில் ஒருவரிடம் என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அந்த மணிக்கூட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். ஐம்பதுகளில் சுவிஸில் செய்தது. பற்றரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். முகப்பில் ‘குரோனோமீட்டர்’ என்று பொடி எழுத்து. சோதித்துப் பார்த்து, நாளொன்றுக்குச் சில செக்கனுக்கு மேல் பிசகாதவற்றுக்குத்தான் அந்தப் பெயரைப் போடுவார்கள். இதையெல்லாம் வாசலில் நின்றபடியே விளக்கினேன். என் மனைவியோ எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமாகி நான்தான் அவள் வீட்டுக்கு வந்தவன். வீடு அவளுடையது, அலுமாரியும் அவளுடையது. அதில் ஒரு தட்டு முழுக்க என் பழைய மணிக்கூடுகள் பதினொன்று. இது பன்னிரண்டாவது.

“இஞ்ச பாருங்க,” என்றாள். “நாளைக்குத் தலை நோன்பு. பெருநாள் வரைக்கும் இது நீங்க சொல்ற மாதிரி ஓடினா எல்லாம் இரிக்கட்டும். இல்லாட்டி பன்னிரண்டையும் வித்துப்போட்டு எண்ட தட்டக் காலியாக்கித் தரணும். ஓமா?”

“ஓம்,” என்றேன். பந்தயம் ஹராம் என்பதால் அதை வாக்கு என்று சொல்லிக்கொண்டோம்.

முதல் நாள் இரண்டே செக்கன் பிசகு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆறாம் நோன்பன்று மாலை என் ஹார்ட்வெயார் கடையில் தனியாக இருந்தேன். அப்படியொரு மணிக்கூடு கையில் இருக்கும்போது போனைப் பார்ப்பது அதற்கு அவமரியாதை என்று எனக்கு எண்ணம். முள் நோன்பு திறக்கும் நேரத்தைத் தொட்டதும் ஈத்தம்பழத்தைத் தின்று தண்ணீரும் குடித்துவிட்டேன். கஞ்சி பாதியான பிறகும் பள்ளியில் பாங்கு கேட்கவில்லை. நாலு நிமிஷம் கழித்துத்தான் கேட்டது. அன்றைய நோன்பு போயிற்று. பெருநாளுக்குப் பிறகு அதற்கு ஈடாக ஒரு நோன்பு கழாப் பிடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கோ ஆத்திரம். மறுநாள் மணிக்கூடு பத்து நிமிஷம் முந்தியது. மாவடிப்பள்ளிக்காரரைத் திட்டினேன், சுவிஸ்காரரைத் திட்டினேன், யாரும் அகப்படாதபோது என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் லுஹருக்கு வீட்டிலேயே தொழ நின்றேன். உம்ராப் பயணத்திலிருந்து வந்த முஸல்லா விரிப்பின் தலைப்பில், மக்காத் திசையான கிப்லாவைக் காட்டும் சின்னத் திசைகாட்டி ஒன்று தைத்திருக்கும். மணிக்கூட்டைக் கழற்றி அதனருகில் வைத்தேன். ஊசி சட்டென்று திரும்பி மணிக்கூட்டைப் பார்த்தது. அந்தத் தொழுகையில் என் மனம் எங்கே இருந்தது என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

மணிக்கூட்டில் காந்தம் ஏறியிருந்தது. நோன்பு மாதமென்றால் ஐந்து வேளையும் பள்ளிக்குப் போவேன். ஒவ்வொரு வேளையும் ஹவுழடித் தண்ணீரில் கைகால் கழுவி ஒளுச் செய்யச் சேட்டுக் கையைச் சுருட்டும்போது மணிக்கூட்டைக் கழற்றிச் சேட்டுப் பையில் போடுவேன். அதே பையில்தான் போன், அதன் உறை மூடியில் காந்தம். மணிக்கூட்டின் உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் காந்தம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஓட்டம் தலைதெறிக்கும். பதினொரு மணிக்கூடு சேர்த்தவனுக்கு இது தெரியாமலா? தெரியும். கைதான் பழக்கத்தில் செய்துவிட்டது.

கல்முனை பஸாரில் மணிக்கூடு திருத்துபவர் காந்தம் இறக்கும் ஒரு கம்பிச்சுருள் பெட்டியில் அதை வைத்து எடுத்தார். அரை நிமிஷ வேலை. வீட்டுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

“சரி, மறுகா முதல்ல இருந்து எண்ணுவம்,” என்றாள். “ஆனா நேரம் வெச்ச பொறகு முள்ளத் தொடப்பிடாது.”

தொடவில்லை. சாவி மட்டும் கொடுத்தேன். ஹவுழடிக்குப் போகும் முன்பே போனை வீட்டிலோ கடையிலோ வைத்துவிடுவேன்.

கடைசி நோன்பன்று நானும் மனைவியும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவள் என் போனை வாங்கி அணைத்தாள், தன்னுடையதையும் அணைத்தாள். நோன்புக் கலண்டரில் அன்றைய நேரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். எங்கள் பள்ளியில் எப்போதும் அந்த நேரத்துக்கு அரை நிமிஷம் கழித்துத்தான் பாங்கு சொல்வார்கள்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்லித்தான் திறப்பம்.”

ஒரு நோன்பைத் தின்றவனின் வாயை நம்பி இத்தனை பேரின் நோன்பு. செக்கன் முள் மேலே ஏறியது. மெதுவாக ஏறுவதுபோலத் தோன்றியது.

“பிஸ்மில்லாஹ்,” என்றேன்.

பிள்ளைகள் ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காதைத் தீட்டினார்கள். அவள் காத்திருக்கவில்லை. அவள் ஈத்தம்பழத்தை மென்று கொட்டையை எடுக்கும்போதுதான் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது.