மூன்றாவது கேப்பு

இது நிஜமாகவே நடந்தது. நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்பதால் போலீசில் சொல்ல வழியில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ரெம்பியாவுக்கு வெளியே எனக்கு ஒரு ஏக்கர் மரவள்ளி இருக்கிறது. மூன்று மாதமாகக் காட்டுப்பன்றிகள் அதைக் கிளறித் தள்ளிக்கொண்டிருந்தன. டுரியான் துங்கால் பக்கம் திலகவதி அக்கா என்பவர், செத்துப்போன கணவரின் நாட்டுத் துப்பாக்கியை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்து, பின்முனையில் ஒரு சின்னச் செப்புக் கேப்பை மாட்டிச் சுடும் பழைய சாமான். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வீட்டுல பொண்டாட்டி இருக்காங்களா தம்பி?"

"இருக்காங்க."

ஒரு டப்பா கேப்பும் கொடுத்தார். எல்லாம் களிம்பு ஏறியவை. நனைந்த கைப்பேசியை வைப்பதுபோல் அரிசிக்குள் போட்டு வைத்தேன். அப்படியும் பத்தில் மூன்றுதான் வெடித்தன. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

போன மார்ச் மாதம், வியாழக்கிழமை, மாலை 6.50. கூட்டாளி காந்தன் மோட்டார் சைக்கிளோடு சாலையிலேயே நின்றுகொண்டான். நான் மட்டும் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

6.58. பன்றி வந்தது. விசையை இழுத்தேன்.

டக்.

வெடிக்கவில்லை. கேப்பை மாற்றினேன்.

டக்.

பன்றி தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. பிறகு தலைதெறிக்க ஓடியது.

ஆத்திரத்தில் மூன்றாவதையும் மாட்டி அதே திசையில் இழுத்தேன். டக். அந்தக் கேப்பைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் நசுங்கியிருந்தது.

"ஊதிப் பாரு."

பின்னாலிருந்து வந்தது குரல். காந்தன் என்று நினைத்தேன்.

"சும்மா இருடா."

"கேப்பு மேல தப்பில்ல லா. ஓட்ட அடச்சிருக்கு. வாய வச்சு ஊது."

நியாயமாகப் பட்டது. துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றிக் குனிந்தேன்.

குழல் வாய் ஈரமாக இருந்தது...

வெதுவெதுப்பாக.

எச்சில்.

யாரோ இப்போதுதான் வாயை எடுத்திருக்கிறார்கள்...

தலையை இழுத்தேன்.

வெடித்தது.

மணி 7.04. வலது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. சத்தம் கேட்டுச் சாலையிலிருந்து ஓடிவந்த காந்தன், கேப்பு தாமதமாக வெடித்திருக்கும் என்கிறான். அந்தக் கேப்பு அப்போது என் உள்ளங்கையில் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு அழுதேன்.

மறுநாள் காலை துப்பாக்கியோடு போய்த் திலகவதி அக்கா வீட்டு வாசலில் கத்தினேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை.

"ஊதச் சொல்லுச்சா?" என்றார்.

"உங்க வீட்டுக்காரரா அது?"

"இல்ல. அவருகிட்டயும் சொல்லுச்சு. யாரோ ஊதச் சொல்றாங்கன்னு வந்து சிரிச்சாரு. மறுநாளு ஊதிட்டாரு."

"தெரிஞ்சேதான் என்கிட்ட வித்தீங்களா?"

அவர் முகத்தில் இரக்கமே இல்லை.

"அவரும் இத புருஷன் செத்த ஒரு பொம்பளகிட்டதான் வாங்குனாரு. பொண்டாட்டி இருக்காங்களான்னு அந்த அம்மாவும் கேட்டுச்சாம். ஏன்னு அவரு செத்த பெறகுதான் எனக்கே புரிஞ்சுது. நீங்க போயிட்டா, அடுத்த ஆளுகிட்ட விக்கறதுக்கு வீட்டுல ஒருத்தர் வேணும்ல, தம்பி."