ஆறாவது பாகம் வரைக்கும் போகாமல் இருந்தால் போதும்

செங்கம் ரோட்டில் இருக்கிற என் இஸ்திரி கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், துணியை வைத்துவிட்டு, "இந்த வாரம் இன்னாண்ணா பாக்கலாம்?" என்று கேட்பார்கள். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் படம் பார்த்தபடி நிற்கிறவன் நான். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன், வேற்றுமொழிப் படத்தில் கீழே ஓடும் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த ஆள் பேசிவிடுகிறான். அதனால் தமிழில் பேசுகிற படங்களுக்கு மட்டும்தான் என் சிபாரிசு.

அதிலும் ஒரு விதி. கடைசிக் காட்சி வரை நான் பார்க்காததை யாருக்கும் சொல்ல மாட்டேன். என்னை நம்பி ஒரு குடும்பம் உட்கார்ந்து, நடுவில் கூடாத காட்சி ஏதாவது வந்து, மாமனாரும் மருமகளும் ஒரே நேரத்தில் ஃபேனை அண்ணாந்து பார்க்கிற நிலைமை வந்துவிடக் கூடாது. கொலை உண்டா, ரத்தம் எவ்வளவு, நாய்க்கு ஏதாவது ஆகுமா என்பது வரை சொல்லித்தான் அனுப்புவேன். "அப்புறம் அவங்க பாக்கறதுக்கு மிச்சம் இன்னா இருக்கு?" என்பாள் என் மனைவி.

அந்த விதியை நான் மீறியது, போயும் போயும், என் மகளுக்கு மாமியாராக வரப்போகிறவரிடம்.

அவர்களுக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே டீக்கடை. நிச்சயத்துக்கு நாள் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாமா என்று கேட்டுவிடச் சொல்லி, காலையிலிருந்து என்னைத் துளைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சம்பந்தம் முறியும், கேட்காவிட்டால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்ற நேரத்தில் அந்த அம்மாவே முந்திக்கொண்டார்.

"அண்ணா, நீங்க நல்ல நல்ல சீரிஸா சொல்வீங்கன்னு பையன் சொன்னான். குடும்பமா பாக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்."

பேச்சு மாறிய நிம்மதியில், அப்போது பார்த்துக்கொண்டிருந்ததையே சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டுக் கதை, நான் பார்த்திருந்த ஐந்து பாகம் வரை ஒரே சிரிப்பு.

மறுநாள் கடையில் ஆறாவது பாகம் ஓடியது. மாப்பிள்ளையின் அம்மா, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எதுக்கு?" என்கிறாள். பெண் எழுந்து கல்யாணத்தையே நிறுத்திவிடுகிறாள். அந்த அம்மாவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. எங்கள் சம்பந்தியம்மாவுக்கும் அப்படியே. யாருடைய வேட்டியோ கருகும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன்.

உடனே போன் போட்டேன். "அந்தக் கதை வேணாம்மா, அவ்வளவா நல்லால்ல."

"நல்லாத்தானே போவுது? நாலு முடிச்சிட்டோம். கடைசியில இன்னா ஆவுது?"

"ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னா எதுக்கு வேணாங்கறீங்க?"

பார்க்காமல் விட்டிருக்கக்கூடியவர்களை, பார்த்தே தீருவது என்று நானே உட்கார வைத்துவிட்டேன்.

ஒரே நம்பிக்கை, அடுத்த நாள் பௌர்ணமி. மலை சுற்ற வருகிற அத்தனை கூட்டமும் கையில் போனோடு வருவதால் அன்றைக்கு எங்கள் ஊரில் நெட் நகராது. டீக்கடைக்காரர்களுக்கு உட்காரவும் நேரமிருக்காது. "கேக்க வேண்டிய ஒரு வார்த்தைய கேக்காம, நெட்டு போவணும்னு வேண்டிக்கற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

வேண்டுதல் பலித்தது. மறுநாள் கூட்டம் வடிந்ததும் நெட் திரும்பி வரும் என்பதையும், அசந்துபோன டீக்கடைக்காரர்கள் அன்றைக்குத்தான் கடையை மூடிவிட்டுக் காலை நீட்டி உட்காருவார்கள் என்பதையும் நான் யோசிக்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணா, ஆறாவது பாகம் பாத்தோம்."

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"பொண்ணு வேலைக்குப் போவணும்னா நேரா கேக்க வேண்டியதுதானே? அதுக்குப் போயி எங்களை ஆறு பாகம் பாக்க வெப்பீங்களா? போதாததுக்கு, பாக்காதீங்கன்னு போன் வேற! பாக்கத்தான் சாது, ஆளு பலே கெட்டின்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு."

என்னை அதுவரை யாரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. இல்லைம்மா, பயத்தில் உளறினேன் என்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வேலைக்குப் போவட்டும்ணா, நான் இன்னா அந்தம்மா மாதிரியா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி மட்டும் லீவு போட்டுட்டு கடைக்கு வந்துடச் சொல்லுங்க. அன்னிக்குக் கை பத்தறதில்ல."

வேலை முடிந்து வந்த மகளிடம் பெருமையாகச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"பௌர்ணமிக்கு லீவா? அன்னிக்குத்தான்பா எங்களுக்கு எல்லா ரூமும் ஃபுல்லு. கேட்டா மேனேஜர் மொத்தமா வீட்டுக்கே அனுப்பிடுவாரு. இதையும் நீங்களே பேசிடுங்க. நீங்கதான் பலே கெட்டியாச்சே."

நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் பார்க்க இன்னொன்று சொல்லுங்கள் என்று சம்பந்தியம்மா கேட்டிருக்கிறார். டீக்கடை வைத்திருக்கிற மாமியார், விடுதியில் வேலை செய்கிற மருமகள், நடுவில் ஒரு பௌர்ணமி. இப்படி ஒரு கதையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கடைசிக் காட்சி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். கொஞ்சம் ரத்தம் இருந்தாலும் பரவாயில்லை.