மாடியில் ஆள் இருப்பது தெரியாமல்

ஆறாம் வகுப்பைத் தாண்டாத நான், மூட்டை சுமந்தே மட்டாஞ்சேரியில் சொந்த மிளகுக் கிடங்கு வாங்கியவன். அதன் மாடி அறையில், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் தென்காசிப் பெண் வாடகைக்கு இருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை, அவள் கல்லூரிக்குப் போயிருப்பாள் என்று நானே முடிவுசெய்து, வண்டுக்கு மருந்து வைத்துக் கிடங்கைப் பூட்டினேன். அதிலிருந்து வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது; மாடிக்கும் ஏறி ஆளைக் கொன்றுவிடும்.

மதியம் மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது. இங்கிலீஷில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரிக்குப் போகவே இல்லை. ஓடினேன். அறை முழுக்க வெயில். அவள் திரும்பாமலே கேட்டாள்: "ஐயா, கரண்ட் போயிடுச்சா? ஒரே இருட்டா இருக்கே."

வாயு அவள் தலைக்கேறியிருந்தது. "மோளே, எழும்பு!" என்று கத்தி, வெளியே இழுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் தேறியதும், "எழுதுற நாள்ல ரூம்லதான் இருப்பேன், ஐயா," என்றாள்.

"முன்னமே பறயக்கூடாதா?"

"நீங்க கேட்டாத்தானே!"

அறைக்குள்ளேயே கிடந்து எழுதும் பிள்ளைகளே, உள்ளே இருப்பதைக் கீழே யாரிடமாவது சொல்லிவையுங்கள். மருந்து வைக்கும் நாட்களில் இப்போது அவள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதுகிறாள். அங்கே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் கிடங்கைப் பூட்டுகிறேன்.