பூட்டியிருந்த வீட்டுக்கு நான் எழுதிய காரணம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம் மரக்காணத்தில் நடந்தது இது. எம்.ஏ. முடித்துவிட்டு கிளியனூரில் சும்மா இருந்த எனக்கு, ஒரு பொருளாதாரப் பேராசிரியரின் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. அரசு உதவி வந்து சேர்கிறதா, பிள்ளைகள் படிக்கிறார்களா, பிழைப்புக்காக யார் வெளியூர் போகிறார்கள் என்று கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். 'நீங்கள் சொல்வது வெளியே போகாது' என்று முதலில் வாசித்துக் காட்டுவது கட்டாயம்.

உப்பளத்தில் கூலி வேலை செய்த ஒரு அக்காவிடமும் அப்படித்தான் வாசித்தேன். ஒன்பதாவது படிக்கும் மகளோடு தனியாக இருந்தவர். அரசு உதவி பற்றிக் கேட்டபோது சொன்னார்.

"உப்பளத்துல வேலை இல்லாத மழை மாசத்துக்கு கவர்மென்ட்டு குடுக்கற நிவாரண லிஸ்ட்ல எம்பேரு இல்லம்மா. உப்பளத்துல காலே வெக்காதவங்க பேரெல்லாம் இருக்குது. லிஸ்ட் எழுதிக் குடுக்கறதே எங்க ஓனருதான். நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேணாம்."

"தெரியாதுக்கா, பயப்படாதீங்க" என்றேன்.

அன்று மதியமே அந்த ஓனர் என்னைத் தன் ஷெட்டில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். என் அப்பாவைத் தெரியும் என்றார். "நம்ம ஜனங்க இன்னாம்மா குறை சொல்றாங்க? சொன்னாத்தானே சரி பண்ண முடியும்" என்று தன்மையாகக் கேட்டார். லிஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண் இருக்கிற வீடு என்று மட்டும் சொன்னேன். உதவி செய்வார் என்று நிஜமாகவே நம்பினேன்.

அடுத்த வருடம் இரண்டாவது சுற்றுக்குப் போனபோது அக்காவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"சர்வே பொண்ணுகிட்ட இன்னா சொன்னேன்னு ஓனரு அவளக் கேட்டு, மறுநாளே வேலைய வுட்டு நிறுத்திட்டாரு. வேற யாரும் அவள சேத்துக்கல. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிட்டா. பொண்ணும் ஸ்கூல வுட்டுட்டு கூடவே கல்லு அறுக்குது."

அவர் என்னைத் திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

வீடு பூட்டியிருந்தால் டேப்லெட்டில் ஏதாவது ஒரு காரணத்தைக் குறித்தே ஆக வேண்டும். இருந்த நாலைந்தில், 'அதிகக் கூலிக்காக வெளியூர் சென்றார்' என்பதைத் தொட்டேன். மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். என் வேலை போய்விடுமே என்று சொல்லவில்லை. அந்த ஆய்வில் வாங்கிய சான்றிதழைக் காட்டித்தான் இப்போது நான் இருக்கும் ஆபீஸில் சேர்ந்தேன்.

கூலிக்காக ஊரை விட்டுப் போனவர்கள் இத்தனை பேர் என்று எந்த அறிக்கையில் படித்தாலும், அதில் இரண்டு பேரைத் துரத்தியது என் வாய்தான் என்பது இன்றைக்கும் கசக்கிறது.