சூட்டுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று

கூலாய் ஊர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் லூசி லைன் லீடர், ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளி. தூசி ஆகாத அறை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் மாதவிலக்கு நின்றதிலிருந்து அந்த அங்கிக்குள் உடம்பு திடீர் திடீரென்று பற்றி எரிந்தது. வெளியே ஓடிவந்து, கழற்றி, வியர்வை துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு போகக் கால் மணி நேரம். கேட்டவர்களிடம் வயிற்றுவலி என்று சொல்லிவைத்தாள். மேலாளர் வேறு ஆளைப் பார்ப்பதாகப் பேச்சு அடிபட்டது.

வீட்டருகே, தம்போயில், டாக்டர் ஹேமநாதனிடம் போனாள். மகன் வயதுக்காரரிடம் இதைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வயிற்றில் ஒட்டிக்கொள்ள ஹார்மோன் பேட்சும், கூடவே கருப்பைப் பாதுகாப்புக்கு ஒரு ஹார்மோன் மாத்திரையும் அவர் கொடுத்தார். இரண்டே மாதத்தில் சூடு அடங்கியது. லூசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

லைனில் கிறிஸ்டினுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். இருவருமே பிரஷர் மாத்திரைக்காரிகள்.

"ஹார்மோன் ஹார்ட்டுக்கும் நல்லது லா அக்கா. போன்ல பாத்தேன்," என்றாள் கிறிஸ்டின்.

ஒரே மருந்து இரண்டு வேலை பார்த்தால் இன்னொன்று எதற்கு? அன்றே லூசி பிரஷர் மாத்திரையை நிறுத்தினாள். கெட்டிக்காரிதான்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் பிரஷர் நூற்று எழுபத்தெட்டு.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஆண்டி?"

"சாப்பிடுறேன் டாக்டர்."

"அப்ப பேட்ச்னால ஏறுதோ என்னவோ, அத நிறுத்தித்தான் பாக்கணும்."

லூசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி அந்த நெருப்பா? வெட்கத்தை விட்டு உண்மையைக் கக்கினாள்.

டாக்டர் திட்டவில்லை. "பேட்ச் சூட்டுக்குத்தான் ஆண்டி. ஹார்ட்ட காப்பாத்துறதுக்குன்னு இத நாங்க கொடுக்கிறதில்ல. மாதவிலக்கு நின்ன பிறகு ஹார்ட் நோய் வர வாய்ப்பு கூடுது. அதுக்குப் பிரஷர் மாத்திரை வேணும், நடக்கணும். ரெண்டு வாரம் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பேட்ச் பத்தி பேசலாம்."

இரண்டு வாரத்தில் பிரஷர் இறங்கியது. பேட்ச் தப்பித்தது.

மறுநாள் கேன்டீனில், இத்தனை நாள் வயிற்றுவலி என்று மழுப்பியவள், மேசை நிறையப் பெண்கள் இருக்க, பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"எனக்கு மாதவிலக்கு நின்னுபோச்சு. சூட்டுக்குப் பேட்ச் ஒட்டியிருக்கேன். நெஞ்சுக்கு இது. ரெண்டும் வேற வேற."

யாரும் சிரிக்கவில்லை. கிறிஸ்டின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களப் பாத்துட்டு நானும் வேற கிளினிக்ல பேட்ச் வாங்கினேன் அக்கா. பிரஷர் மாத்திரைய விட்டு ஒரு மாசம் ஆச்சு."

வேலை முடிந்ததும் லூசி அவளை வீட்டுக்குப் போக விடவில்லை. நேரே தம்போய்க்கு, டாக்டர் ஹேமநாதனிடம் அழைத்துப் போனாள்.