உப்பைக் கழுவிய தொட்டி

யார் தயவும் இல்லாமல் முத்தையாபுரம் பக்கம் இரண்டு உப்பளம் போட்டேன், லாரி வாங்கினேன், மாடிவீடு கட்டினேன். எழுபதுகளில் எங்கள் அளத்தில் குடிதண்ணீருக்குத்தான் வழியில்லை.

உப்புத்தண்ணீரை வெயிலில் ஆவியாக்கிக் குடிதண்ணீர் எடுக்க, மெட்ராஸ் இன்ஜினியர் ஒருவர் வந்து, கண்ணாடி மூடிய கறுப்புத் தொட்டி வைத்தார். ஒல்லியான மனிதர். தினமும் முதல் சொட்டை விரலில் ஏந்தி, கண்மூடிச் சுவைப்பார்.

சில நாளில் தண்ணீர் குறைந்தது. தொட்டியடியில் உப்பு படிந்திருந்தது. விளைந்த உப்பைக் கழுவிவிட எந்த அளக்காரனுக்கும் மனசு வராது, அப்படியே விட்டிருந்தோம்.

"ஐயா, தொட்டி வெள்ளையாயிட்டு. சூடு ஏற மாட்டேங்கு. தெனம் கழுவணும்," என்றேன்.

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"மூணாப்பு. மிச்சமெல்லாம் அளத்துலதான்."

"அப்ப என்னைவிட அதிகம்," என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

கழுவினோம், குடம் நிறைந்தது. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நோட்டில் என் பெயரையும் எழுதினாரா, தெரியாது. எழுதாவிட்டால், இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் நீங்களாவது எழுதுங்கள்: கழுவச் சொன்னது நான்.