அருள்நாயகி டீச்சரின் முட்டைப் பெட்டி

எங்கள் சயன்ஸ் டீச்சர் அருள்நாயகி முட்டை தின்னமாட்டார். கையால் தொடவும் மாட்டார். அப்படிப்பட்டவர்தான், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம், பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியில் கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். கொழும்பு வெள்ளவத்தையில் வேறு யாரும் செய்யாத காரியம் என்ற பெருமை வேறு.

தேயிலைப் பெட்டிக்குள் பஞ்சு, தண்ணீர்க் கிண்ணம், தெர்மாமீட்டர். அடியில் தகரம் வைத்து, அதன் கீழே அரிக்கன் லாம்பு. முட்டைக்கு எங்கள் வகுப்பிலிருந்த கால்வாய்க்கரை வீட்டு லுத்பியாவைப் பிடித்தார். "நல்ல பெரிய முட்டையாய்ப் பாத்துக் கொண்டுவா."

அவளும் கொண்டுவந்தாள். "டீச்சர், இது உம்மா வளக்கிற..." என்று தொடங்கினாள்.

"சயன்ஸ் றூமிலை வீட்டுக் கதை வேண்டாம்!"

டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். லுத்பியா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. எங்களில் பாதிப்பேர் சைவம். மற்றவர்களுக்கு முட்டையைப் பொரித்துத் தட்டில் வைத்தால்தான் அடையாளம் தெரியும். நாங்கள்தான் தினமும் முட்டைகளைப் புரட்டினோம். டீச்சர் தள்ளி நின்று பார்த்தார்.

கோழி முட்டைக்கு மூன்று கிழமை. அந்தக் கணக்குப்படி கண்காட்சி நாள் வந்தது. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார், பெற்றோர் வந்தார்கள். குஞ்சுதான் வரவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். டீச்சரின் முகம் கறுத்தது.

"கூழ்முட்டையைத் தந்து என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய்!" என்று எல்லார் முன்னிலும் லுத்பியா மீது பாய்ந்தார். அதை நிரூபிக்க, கைக்குட்டையால் ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார்.

உள்ளே உயிர் இருந்தது. தட்டையான அலகு, விரல்களுக்கிடையே தோல். இரண்டு தரம் துடித்தது, பிறகு அடங்கிவிட்டது.

"தாரா முட்டை, டீச்சர்," என்றாள் லுத்பியா அழுதபடி. "இன்னும் ஒரு கிழம போகணும். அண்டைக்கே சொல்ல வந்தேன்."

எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கும் மனுஷி. வெட்கத்தில் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றார்.

மறுநாளிலிருந்து எங்களை அந்தப் பெட்டியின் பக்கம் விடவில்லை. மிச்ச முட்டைகளைத் தானே வெறுங்கையால் புரட்டினார். சனி ஞாயிறும் வந்தார். ஒரு கிழமை கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பள்ளிக்கூடத்தில், அவர் கண் முன்னால்தான் அவை குஞ்சு பொரித்தன.

திங்கள் காலை டீச்சர் முற்றத்தில் நடக்க, ஐந்து தாராக்குஞ்சுகள் பின்னாலேயே ஓடின. அவர் வேகமாக நடந்தால் அவையும் வேகமாக ஓடின. நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

"டீச்சர், ஒங்களத்தான் உம்மா எண்டு நெனச்சிக்கிட்டு வருதுகள்," என்றாள் லுத்பியா.

டீச்சர் நின்றார். குஞ்சுகள் அவர் சேலைக்கரைக்குள் புகுந்துகொண்டன. அவர் லுத்பியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேசையிலை நான் தட்டினது இதுகளுக்குத் தெரியாது, பிள்ளை," என்றார்.